ரெண்டு நாளா பாத்துக்கிட்டிருக்கோம் டாக்டர்

பாளையங்கோட்டையில் கிளினிக் திறந்து 14 வருடம் ஆகிறது. நாய், பூனை மட்டும்தான் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் என் காதில் அதிகம் விழுந்த வாக்கியம் ஒன்று உண்டு. "எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்பேன். "ரெண்டு நாளா பாத்துக்கிட்டிருக்கோம் டாக்டர்" என்பார்கள். கல்லூரிப் பேராசிரியரும் அதையேதான் சொல்கிறார், கொத்தனாரும் அதையேதான் சொல்கிறார். அந்த ரெண்டு நாளில் வீட்டில் என்னென்ன செய்தார்கள் என்பதில்தான் பல நேரம் மேசைமேல் கிடக்கும் உயிர் பிழைக்குமா பிழைக்காதா என்பது அடங்கியிருக்கிறது.

யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று நம்பித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பல சமயம் சரியாகியும் விடுகிறது. வளர்ந்த நாய் ஒருமுறை வாந்தி எடுத்தது, அதற்குப் பிறகும் வாலை ஆட்டுகிறது, குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கிறது, ஈறு நல்ல நிறத்தில் இருக்கிறது என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். குப்பையில் எதையாவது தின்றுவிட்டு வந்த நாய்கள் பலவும் அப்படியே தேறிவிடும். ஆனால் நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்த 24 மணி நேரம் கிடையாது. பூனைக்கும் கிடையாது. பூனை, அதிலும் கொழுகொழுவென்று வளர்ந்த பூனை, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ப் படிந்து, முதலில் வந்த நோயைவிடப் பெரிய நோயாக அதுவே நிற்கும்.

முதலில் இந்தக் காய்ச்சல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "மூக்கு காஞ்சு கெடக்கு, தொட்டா சுடுது, காய்ச்சல்தான்" என்று வருவார்கள். நாயின் உடம்புச் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் உடம்பு 98 சொச்சம். நாம் தொட்டால் நல்ல நாயும் சுடத்தான் செய்யும். வெயிலில் படுத்துத் தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். மருந்துக் கடையில் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு அங்குலம் வைத்தால் போதும். 103ஐத் தாண்டினால் எனக்குப் போன் செய்யுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், காய்ச்சல் என்று முடிவு கட்டியவுடன் வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பா திறக்கும்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஒரு சாயங்காலம் பூனையைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது. வாயைத் திறந்தேன். ஈறு சிவப்பாகவும் இல்லை, வெளுப்பாகவும் இல்லை. கருப்பட்டி கரைத்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. "என்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம். "கால் மாத்திரைதான் கொடுத்தேன் டாக்டரம்மா, பாராசிட்டமால். பேத்திக்குக் கூட அதைத்தானே கொடுக்கோம்."

பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் நொதி மனித ஈரலில் போதுமான அளவு இருக்கிறது, பூனையிடம் மிகக் குறைவு. அதனால் மருந்து விஷமாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. அவை ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதிகூட ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். டீச்சர் கொடுத்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன், மனிதர்களுக்குச் சளி இளக்கக் கொடுப்பது, அதன் ஊசி பக்கத்து மருந்துக் கடையிலேயே கிடைத்தது. இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தேன். பூனை பிழைத்தது. அன்று டீச்சர் "காலையில பாத்துக்கலாம்" என்று படுத்திருந்தால் பிழைத்திருக்காது. நாய்க்கும் இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கிக் குடலில் ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். முடக்குவாதத்துக்குத் தாத்தா போடுகிற மாத்திரையைக் கால் நொண்டுகிற நாய்க்குக் கொடுத்துவிட்டு, கறுப்பாக மலம் போகிறது என்று மூன்றாம் நாள் கொண்டு வந்தவர்களை நான் மறக்கவில்லை.

ஈறைப் பற்றிச் சொன்னேன். உங்கள் நாய் நன்றாக இருக்கிற நாளில் உதட்டைத் தூக்கி அதன் ஈறு என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு 2 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். சில நாய்களுக்கு ஈறு கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அப்புறம் அது அசந்து தூங்கும்போது விலா எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நல்லபடியாக இருந்தபோது பார்த்திராதவர்களுக்கு, கெட்டுப்போனபோது என்ன மாறியது என்று சொல்லத் தெரிவதில்லை. நான் கேட்கிற கேள்விகளுக்குக் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கோடை விடுமுறை தொடங்கினால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஆசையாகக் கேட்கும், வீட்டில் குட்டி வாங்கிக் கொடுப்பார்கள். 40, 45 நாள் குட்டி. "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று விற்றவர் சொல்லியிருப்பார். அட்டையைப் பார்த்தால் ஒரே ஒரு ஊசி, சில சமயம் அட்டையே இருக்காது.

பார்வோ வைரஸ் உலகத்தில் தலைகாட்டியது 1978 வாக்கில்தான். நாய்க்குட்டிகளைக் கொல்வதில் இன்றைக்கும் அதுதான் என் கிளினிக்கில் முன்னால் நிற்கிறது. முதலில் குட்டி சோர்ந்து படுக்கும். அப்புறம் வாந்தி, வெள்ளையாக அல்லது மஞ்சளாக நுரை. அடுத்த நாள் ரத்தமாகப் பேதி. அதற்கென்று ஒரு வாடை உண்டு. கதவைத் திறந்து உள்ளே வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும், பெயர் எழுதுவதற்கு முன்னாலேயே ஊசி மருந்தை எடுக்கப் போய்விடுவேன்.

மேலப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் இரண்டு பையன்களும் லேப்ரடார் குட்டியோடு வந்தார்கள். ரெண்டு நாளாகப் பார்த்திருக்கிறார்கள். பூச்சியாக இருக்கும் என்று பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள். அது வாந்தியில் வெளியே வந்துவிட்டது. இளநீர், தயிர் சாதம், மாதுளைத் தோல் கஷாயம் எல்லாம் வாய்வழியாகப் புகட்டியிருக்கிறார்கள். வாந்தி நிற்காத குட்டிக்கு வாய்வழியாகப் புகட்டினால் அது மூச்சுக்குழாயில் போய் நுரையீரலில் சளி கட்டும். இந்த நோய்க்கு வைரஸைக் கொல்கிற மருந்து என்று நான் கொடுக்க எதுவும் இல்லை. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, சிதைந்த குடல் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறாமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, குட்டியின் உடம்பு தானே போராடி எழுகிறவரை நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் சிகிச்சை. முதல் நாளே வந்தால் அதற்கு நேரம் இருக்கிறது. அந்தக் குட்டிக்கு இருக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் போய்விட்டது.

அதோடு முடியவில்லை. சின்னப் பையன் சாப்பிடாமல் அழுகிறான் என்று பத்தாவது நாள் இன்னொரு குட்டி வாங்கிவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். நானாகவே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டேன். இரண்டாவது குட்டியும் அதே வாரத்தில் அதே வாடையோடு வந்தது. பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வெயில் படாத மூலையில் ஒரு வருடம்கூட. பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசம்தான் மாறும். தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிறகு வீட்டு உபயோகத்துக்கு வரும் பிளீச் திரவத்தை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட வேண்டும். தட்டு, சங்கிலி, செருப்பு எல்லாவற்றுக்கும் அதேதான். அப்படிச் செய்தாலும் தோட்டத்து மண்ணை யாராலும் கழுவ முடியாது. அந்த வீட்டுக்கு அடுத்து வருகிற நாய் தடுப்பூசிகளை முழுவதும் முடித்த நாயாக இருக்க வேண்டும். அன்றிலிருந்து குட்டி இறந்த வீட்டாரிடம் இதை அப்போதே சொல்லி அனுப்புகிறேன், கேட்கும் மனநிலையில் அவர்கள் இல்லாவிட்டாலும் தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

"ஊசி போட்டும் வந்துடுச்சே டாக்டர்" என்று கேட்பவர்களுக்கு: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகிறவரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். கடைசி ஊசி 16 வாரத்தில் விழுவதுதான் முக்கியம். முதல் ஊசியோடு நிறுத்தினால் போடாதது போலத்தான். அந்த ஊசிகள் முடிகிறவரை குட்டியைத் தெருவில் நடக்க விடாதீர்கள். மடியில் வைத்து உலகத்தைக் காட்டுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் வேறு மாதிரி. பார்வோ அவசரப்படுத்தும், உண்ணி ஏமாற்றும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு ஆட்டோக்காரர், அவரிடம் ஒரு கன்னி நாய். கோவில்பட்டிப் பக்கம் வேட்டைக்கு வளர்த்த ஜாதி, நீளக் கால், ஒடிசலான உடம்பு. அதைத் தன் மகள் என்பார். "ரெண்டு நாளா சரியா திங்க மாட்டேங்கு டாக்டர், அவ்வளவுதான்" என்றார். காய்ச்சல் 104. ஈறு வெளுப்பு. வயிற்றுத் தோலில் கொசு கடித்தது போலச் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் எடுத்த இடத்தில் கசிவு நிற்கவில்லை. ரத்தத் தட்டணு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 18,000 இருந்தது. காது நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். எர்லிகியா.

பழுப்பு நாய் உண்ணி பரப்புகிற கிருமி இது. அதே உண்ணி பேபேசியாவையும் பரப்பும். அது வந்தால் சிவப்பணு உடைந்து சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். அப்படி ஒரு நிறத்தைப் பார்த்தால் அன்றே வந்துவிடுங்கள். எர்லிகியாவுக்கு டாக்சிசைக்ளின் நல்ல மருந்து. 28 நாள் கொடுக்க வேண்டும், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடியது. ஏழாம் நாள் ஆட்டோக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டார். "நல்லா ஆயிட்டா, எதுக்கு மருந்தைப் போட்டு வயித்தைக் கெடுக்கணும்னு நெனச்சேன்." இரண்டு மாதம் கழித்து மூக்கிலிருந்து ரத்தம் வழிய வழியத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கிருமி முழுக்கச் சாகாமல் உள்ளே தங்கிவிட்டால் மெல்ல எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும். அங்கே போய்விட்டால் என் மருந்துக்கு அது பெரும்பாலும் அசையாது. இந்த முறை அந்த அளவுக்குப் போகவில்லை. ரத்தம் ஏற்றினோம். அதற்கு ரத்தம் கொடுத்தது மகாராஜநகரில் ஒரு வீட்டு ராஜபாளையம் நாய், அந்த வீட்டுக்காரர் ராத்திரி 11 மணிக்கு அதைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

28 நாள் முடிந்தது. ஆனால் ஆட்டோக்காரர் வீட்டுக்கு நான் நேரில் போய்ப் பார்த்தபோதுதான் மீதிக் கதை புரிந்தது. ஓட்டு வீடு. சுவரில் பூச்சு விட்ட இடுக்குகளில் டார்ச் அடித்தால் கடுகு சிந்தியது போல உண்ணிக் குஞ்சுகள். நாய் உடம்பில் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். ரத்தம் குடித்துப் பட்டாணி போல வீங்கிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கும். எனவே நாய்க்கு மருந்து, வீட்டுக்கும் மருந்து, இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்தார், நாய் படுக்கும் சாக்கை எரித்தார், பூச்சி மருந்து அடிக்கும்போது நாயை ஒருநாள் பக்கத்து வீட்டில் வைத்தார். நாய்க்கு இப்போது வருகிற மெல்லும் மாத்திரைகள் மிக நல்லவை. சில ஒரு மாதம் தாங்கும், சில மூன்று மாதம். வலிப்பு வருகிற நாயாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை வாளித் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது இந்தப் பக்கம் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நக்கினாலும் போச்சு, தோல் வழியாக ஏறினாலும் போச்சு. வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி வருகிற நாயைக் காப்பாற்ற சில நேரம் முடிகிறது, பல நேரம் முடிவதில்லை. நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தில் மிச்சத்தைப் பூனைக் கழுத்தில் விடுவதும் அதே கதைதான். பூனைக்கு அது கொடிய விஷம். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுங்கள்.

ஆண் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பூனை மண்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, கத்துகிறது. பார்ப்பவர்களுக்கு மலச்சிக்கல் போலத் தெரியும், விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், மணல் போன்ற படிகமோ சளிக் கட்டியோ அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட ஒன்றிரண்டு நாள் போதும். இதற்கு "ரெண்டு நாள் பாத்தோம்" என்பதே கிடையாது. நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

கத்திரி வெயிலில் பக் நாயைச் சாயங்காலம் 4 மணிக்கு நடக்கக் கூட்டிப் போகாதீர்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ண முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. மயங்கி விழுந்தால் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, ஃபேனைப் போட்டு, அப்படியே நனைந்த உடம்போடு தூக்கிக்கொண்டு வாருங்கள். ஐஸ் வேண்டாம், நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

வெறிநோய் பற்றி எழுதும்போது இப்போதும் கை கொஞ்சம் நிதானிக்கிறது. நாலு மாதக் குட்டி. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது, அதனால் ரேபிஸ் ஊசி போடவில்லை. "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு டாக்டர், ரெண்டு நாளா வாயை மூட மாட்டேங்கு, எச்சி ஒழுகுது. விரலை விட்டுத் துழாவிப் பாத்தேன், ஒண்ணும் சிக்கல." சொன்ன அம்மாவின் விரலில் நகக்கீறல் இருந்தது. குட்டி கடிக்க வரவில்லை, குரைக்கவில்லை. தாடை தொங்கியபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. வெறிநோய் என்றால் வெறிபிடித்து ஓடும், எல்லாரையும் கடிக்கும் என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். ஊமையாகவும் அது வரும். தாடையும் தொண்டையும் செயலிழந்து, விழுங்க முடியாமல் எச்சில் வழியும். எலும்பு சிக்கியது போலவே இருக்கும். மூன்று மாதம் முன்னால் ஒருநாள் கேட் திறந்திருந்தபோது தெருநாய் ஒன்று அதைக் கடித்திருந்தது பேச்சுவாக்கில் தெரியவந்தது. சின்னக் கடி என்று மஞ்சள் வைத்து விட்டிருக்கிறார்கள்.

குட்டி மறுநாள் இறந்தது. பரிசோதனையில் உறுதியானது. அதற்கு முன்னமே அந்தக் குடும்பத்தில் ஐந்து பேரையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன். எல்லாரும் ஊசிகளை முழுவதும் போட்டுக்கொண்டார்கள், எல்லாரும் நலமாக இருக்கிறார்கள். நான் நாமக்கல்லில் படிக்கும்போதே முன்தடுப்பு ஊசி போட்டவள் என்பதால் எனக்கு அன்றும் மூன்றாம் நாளும் இரண்டு ஊசி போதுமானதாக இருந்தது.

வாய் திறந்தபடி எச்சில் ஒழுகும் நாயின் வாயில் கையை விடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது உங்கள் வீட்டு நாயே ஆனாலும், ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதனுக்கும் இதில் மருந்து இல்லை. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி தொடர்ந்து. ஜூலை 6ஆம் தேதி, லூயி பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்கு முதல் வெறிநோய் ஊசி போட்ட நாள். செப்டம்பர் 28 அவர் இறந்த நாள். இந்த இரண்டு நாளையொட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடக்கும். அதற்காவது கூட்டிப் போங்கள். தெருவில் நீங்கள் சோறு வைக்கிற நாயையும் சேர்த்து.

இதெல்லாம் சொல்கிற நானும் ஒரு முறை "ரெண்டு நாள் பாப்போம்" என்று சொன்னவள்.

அம்மா ஊரில் தனியாக இருந்தாள், துணைக்கு ரோஸி. ஒன்பது வயது நாட்டு நாய். கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. நானே செய்துவிடலாம் என்று ஒவ்வொரு லீவுக்கும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிளினிக்கில் கூட்டம். அம்மா போன் செய்தாள். "ஏட்டி, ரோஸி தண்ணியா குடிக்கா. சோறு திங்கல. ஒருதரம் வாந்தி எடுத்தா." நான் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு இன்னொரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். "வெயிலுக்கு அப்படித்தான்மா இருக்கும். தயிர் சாதம் குடு. ரெண்டு நாள் பாப்போம், ஞாயித்துக்கிழமை நான் வாரேன்."

ரோஸி எப்போது பருவத்துக்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. வேறு யார் போன் செய்திருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். ஒன்றரை மாதம் முன்னால் வந்திருக்கிறாள். ஆபரேஷன் ஆகாத வயதான பெண் நாய், பருவம் முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில், தண்ணீராகக் குடித்து, சாப்பிடாமல், வாந்தி எடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பின்புறம் சீழ் வடிந்தால் கண்ணுக்குத் தெரியும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் ஒன்றும் வடியாது, விஷம் முழுக்க உள்ளேயே சேரும். ரோஸிக்கு மூடியிருந்தது. ஞாயிறு காலை நான் போனபோது வயிறு உப்பி, உடம்பு சில்லிட்டிருந்தாள். காரில் போட்டுக்கொண்டு வந்து அன்றே ஆபரேஷன் செய்தேன். என் தோழி ஒருத்தி மயக்க மருந்து பார்த்துக்கொண்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம், ஆனால் சிறுநீரகம் அதற்குள் நின்றுபோயிருந்தது. திங்கள்கிழமை ராத்திரி போய்விட்டாள்.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ டாக்டர், ஒனக்குத் தெரியாதா" என்றுகூடக் கேட்கவில்லை. பெண் நாய் வளர்ப்பவர்களிடம், குட்டி எடுக்கிற எண்ணம் இல்லையென்றால் எந்த வயதில் ஆபரேஷன் செய்யலாம் என்று முதல் தடுப்பூசி அன்றே பேச ஆரம்பித்துவிடுகிறேன். எடுக்கிற எண்ணம் இருந்தால், பருவத்துக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள் என்கிறேன். போனில் யாருக்கும் மருந்து சொல்வதில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ரெண்டு நாள் பார்ப்பவர்களில் பலர் பணத்துக்குப் பயந்துதான் பார்க்கிறார்கள், அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வந்தவுடனேயே சொல்லுங்கள்: "என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு டாக்டர்." அந்தத் தொகைக்குள் எந்தப் பரிசோதனை கட்டாயம், எதை விடலாம் என்று எங்களால் யோசிக்க முடியும். அரசு கால்நடை மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போனால் செலவு மிகக் குறையும். இங்கே ராமையன்பட்டியில் கல்லூரி இருக்கிறது, நானே பலரை அங்கே எழுதி அனுப்புகிறேன். முதல் நாள் ஒரு ஊசியிலும் மாத்திரையிலும் முடிவது மூன்றாம் நாள் ரத்தம் ஏற்றுவதில் வந்து நிற்கும். செலவென்று பார்த்தாலும் சீக்கிரம் வருவதுதான் மலிவு.

ரோஸி போய் ஒரு வருடம் அம்மா வேறு நாய் வேண்டாம் என்றிருந்தாள். அப்புறம் மழைக்குத் திண்ணையில் ஒதுங்கிய ஒரு கறுப்புக் குட்டியை விரட்ட மனம் வரவில்லை. மணி என்று பெயர் வைத்தாள், பெண் குட்டிதான். ஊசிகள் எல்லாம் முடித்து, வயது வந்ததும் நானே ஆபரேஷன் செய்தேன். போன கார்த்திகையில் ஒரு ராத்திரி 9 மணிக்கு அம்மா போன் செய்தாள். "ஏட்டி, மணி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டா. எப்பவும் ஒரு சொம்புதான். ஈறு செவப்பாத்தான் இருக்கு, தூங்கும்போது மூச்சு 22 இருந்துச்சு. ஆட்டோல ஏறிட்டேன், வந்துக்கிட்டிருக்கேன்."

வந்தாள். முழுக்கப் பார்த்தேன், ரத்தமும் சிறுநீரும் பார்த்தேன். மணிக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் வெயிலில் காயப் போட்டிருந்த கருவாட்டை அன்று மத்தியானம் தின்றிருக்கிறாள், அந்த உப்புக்குத் தாகம். அம்மா ஆட்டோவுக்கு 400 ரூபாய் கொடுத்திருந்தாள், வீணாக அலைக்கழித்துவிட்டேனே என்று வருத்தப்பட்டாள். நான் கிளினிக் கதவைச் சாத்திவிட்டு அவளுக்குக் காப்பி போட்டேன். மணி மேசைக்கு அடியில் இன்னொரு கிண்ணம் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் காலடியில் படுத்துக்கொண்டாள்.